சிறுநீரக நோயுள்ள நாய்க்கான மருத்துவ உணவு: மூன்று மாதங்களுக்குப் பின் ஒரு மதிப்பீடு

பதினோரு வயதான எங்கள் நாய் வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் குடிக்கத் தொடங்கியதால் இரத்தப் பரிசோதனை செய்தோம். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவுப்பொருளான கிரியாட்டினின் அளவு டெசிலிட்டருக்கு 2.1 மில்லிகிராம் என்று வந்தது. சிறுநீரக நோயின் இரண்டாம் நிலை இது என்றும், உணவை மாற்றுவதே முதல் வேலை என்றும் கால்நடை மருத்துவர் கூறினார். அவர் எழுதிக் கொடுத்த சிறுநீரக உணவை, உலர் வகையிலும் டப்பாவில் வரும் ஈர வகையிலும், மூன்று மாதங்களாகக் கொடுத்து வருகிறேன்.

புரதம் குறைவாக இருப்பதே இவ்வுணவின் சிறப்பு என்று பலர் எண்ணுகின்றனர். ஆனால் அதைவிட முக்கியமானது பாஸ்பரஸ் குறைப்பு. பழுதான சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாத பாஸ்பரஸ் இரத்தத்தில் தேங்கி நோயை விரைவுபடுத்துகிறது. நான் வாங்கிய பையிலோ புரத அளவு தடித்த எழுத்தில் இருக்க, பாஸ்பரஸ் அளவைப் பின்பக்க மடிப்பில் தேடிப் படிக்க வேண்டியிருந்தது. இது சிறிய குறையன்று.

அந்தப் புரத அளவும் நேரடியாக ஒப்பிடத் தக்கதாக இல்லை. டப்பாவில் 4 விழுக்காடு, உலர் உணவில் 14 விழுக்காடு என்று கண்டவுடன் டப்பா உணவுதான் மிகவும் இலேசானது என்று நானும் நம்பினேன். டப்பாவில் 76 விழுக்காடு நீர் என்பதால், நீரை நீக்கிக் கணக்கிட்டால் புரதம் ஏறத்தாழ 17 விழுக்காடு; பத்து விழுக்காடு நீருள்ள உலர் உணவில் அது 16 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை.

முதல் நாளே பழைய உணவை அடியோடு நிறுத்தியது என் தவறு. மூன்றாம் நாள் நாய் தட்டை மூக்கால் தள்ளிவிட்டு, பழைய உணவு இருந்த அலமாரியின் முன் போய்ப் படுத்துக்கொண்டது. பிறகு கால் பங்கு, அரைப் பங்கு என்று பத்து நாள்களில் மாற்றினேன். ஈர உணவை வெதுவெதுப்பாக்கியபோது மணம் எழும்பியதால் விரும்பி உண்டது. குமட்டல் இருக்கும் நாள்களில் புதிய உணவைத் தொடங்கினால் நாய் அதை நிரந்தரமாக வெறுத்துவிடக்கூடும் என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். ஈர உணவுக்கு ஐந்தில் நான்கரை மதிப்பெண் தருவேன். உலர் உணவுக்கு மூன்றுதான்.

எல்லா நாய்க்கும் இது பொருந்தாது. புரதத்தைக் குறைத்த இடத்தைக் கொழுப்பால் நிரப்புவது இவ்வகை உணவுகளில் வழக்கம் என்பதால், கணைய அழற்சி வந்த நாய்க்கு இதைக் கொடுப்பதற்கு முன் மருத்துவரிடம் கொழுப்பளவைக் காட்டிக் கேட்பது அவசியம். வளரும் குட்டிகளுக்கும் இது ஏற்றதன்று.

அண்மைப் பரிசோதனையில் கிரியாட்டினின் 1.9, எடையும் குறையவில்லை. ஈர உணவால் உடலில் நீர்ச்சத்து கூடியதும் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்பதால், முழுப் பெருமையையும் உணவுக்கே தர நான் தயாராக இல்லை. வீட்டில் மற்றவர்கள் இரக்கப்பட்டு நீட்டும் பாலாடைக்கட்டித் துண்டுகள்தான் பெரிய தொல்லையாக இருந்தன. இப்போது டப்பா உணவையே மெல்லிய வில்லைகளாக வெட்டி, அடுப்பில் வாட்டி, ஒரு புட்டியில் போட்டு வைத்திருக்கிறேன். புட்டி மூடியைத் திறக்கும் ஓசைக்கே வாலாட்டிக்கொண்டு வந்துவிடுகிறது.