கல்குடாவில் ஐந்து நாள்: வளர்ந்தோருக்கான குதிரையேற்றப் பயிற்சி முகாம்

கடந்த ஆனி மாதம் கல்குடாப் பக்கத்தில் வளர்ந்தோருக்கென்றே நடத்தப்பட்ட ஐந்து நாள் குதிரையேற்றப் பயிற்சி முகாமுக்குப் போய் வந்தேன். எனக்கு வயது 46, மட்டக்களப்பில் தாதி உத்தியோகம். சிறுவயதில் நுவரெலியாவில் கிரகரி வாவிக் கரையோரம் மட்டக்குதிரையில் ஏறி ஒரு சுற்று வந்த நாளிலிருந்து மனத்தில் கிடந்த ஆசை, பிள்ளைகள் வளர்ந்து இரவுக் கடமையும் குறைந்த பிறகுதான் நிறைவேறியது. கொழும்பில் உறவினர் வீட்டில் தங்கியிருந்த காலத்தில் பன்னிரண்டு வகுப்புகள் வரை போயிருந்தபடியால், ஏறவும் இறங்கவும் நடையில் குதிரையைத் திருப்பவும் தெரியும். அதற்குமேல் ஒன்றும் தெரியாது. என்னைப் போன்ற நிலையில் இருப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். ஒரு பெரிய குறையையும் சொல்ல வேண்டியிருப்பதால் முகாமின் பெயரைத் தவிர்க்கிறேன். வாழைச்சேனையில் விசாரித்தால் வழி காட்டுவார்கள்.

மட்டக்களப்பிலிருந்து பஸ்ஸில் வாழைச்சேனைக்கு ஒரு மணித்தியாலம். அங்கிருந்து முச்சக்கர வண்டியில் போகலாம். தங்குமிடம் துப்புரவாக இருந்தது. காலையில் புட்டும் மீன் குழம்பும், மதியம் சோறு, இரவில் எருமைத் தயிர் என்று சாப்பாட்டிலும் குறையில்லை. கட்டணம் என் மாதச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வந்தது. அது எல்லோருக்கும் இயலக்கூடிய தொகை என்று சொல்லமாட்டேன்.

முதல் நாள் எங்கள் ஆறு பேரில் ஒருவரையும் குதிரையில் ஏற்றவில்லை. பதிவு மேசையிலேயே தராசு வைத்து ஒவ்வொருவரையும் நிறுத்தார்கள். ஏறுபவரின் நிறையும் சேணத்தின் நிறையும் சேர்ந்து குதிரையின் நிறையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது அவர்களின் கணக்கு. 400 கிலோ குதிரைக்கு அது 80 கிலோ. என்னுடைய 66 கிலோவுடன் எட்டுக் கிலோச் சேணமும் சேர்ந்தபோது தப்பினேன். கல்முனையிலிருந்து வந்திருந்த ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவருக்கு அந்தக் கணக்குப்படி அங்கிருந்த மிகப் பெரிய குதிரையைத்தான் கொடுத்தார்கள். அதையும் அவர் மனம் நோகாத விதத்தில் தனியே அழைத்துச் சொன்னார்கள். பணம் கட்டியவரை எந்தக் குதிரையிலாவது ஏற்றி அனுப்பிவிடும் இடங்களைப் பார்த்திருக்கிறேன் என்பதால், அந்தத் தராசைக் கண்டதுமே எனக்கு இவர்கள்மேல் நம்பிக்கை வந்தது.

அன்று முழுவதும் லாயத்தில்தான் வேலை. உடம்பை வட்டத் தூரிகையால் தேய்த்துத் தூசி எழுப்புவது, பிடரி மயிரைச் சிக்கெடுப்பது, குளம்பைத் தூக்கி உள்ளே அடைந்த மண்ணையும் சாணத்தையும் கொக்கியால் தோண்டி எடுப்பது. எனக்குக் கிடைத்தது செம்பழுப்பு நிறப் பெண்குதிரை. நெற்றியில் வெள்ளை விழுந்திருந்ததால் சுட்டி என்று பெயர். லாயத்தைப் பார்த்துக்கொள்பவர் ஓட்டமாவடியைச் சேர்ந்த பெரியவர். நாங்கள் எல்லோரும் அவரை நானா என்றே கூப்பிட்டோம். நான் பின்பக்கமாகப் போனபோது அவர் தோளைப் பிடித்து நிறுத்தி, "நேர் பின்னால நிண்டா அதுக்கு உங்களத் தெரியாது தங்கச்சி. கையை முதுகில வச்சிக்கிட்டு, கதைச்சிக்கிட்டே சுத்தி வாங்க" என்றார். குதிரையின் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் இருப்பதால் வாலுக்கு நேர் பின்னால் இருப்பதை அதனால் பார்க்க முடியாது என்பதை நான் படித்திருந்தேன். ஆனால் என் கை அதன் முதுகின் சூட்டில் இருந்தபடி நான் சுற்றி வந்தபோது, காது ஒன்று மட்டும் திரும்பி என் குரலோடு கூடவே வந்ததைக் கண்ட பிறகுதான் அது எனக்கு உண்மையில் விளங்கியது.

இரண்டாம் நாளிலிருந்து தொடங்கியது முகாமின் சிறப்பான பகுதி. பயிற்சியாளர் முப்பது வயது மதிக்கத்தக்க இளைஞர்; நான் தாதி என்று தெரிந்ததும் என்னை 'மிஸி' என்றே அழைக்கத் தொடங்கிவிட்டார். நாற்பதைத் தாண்டியவர்களுக்குக் குதிரையின் மேல் இரண்டு தொல்லைகள் உண்டு. ஒன்று, நாற்காலியில் உட்கார்ந்து இறுகிப்போன இடுப்பு. மற்றது, விழுந்தால் வீட்டை யார் பார்ப்பது என்ற யோசனை. பயம் வந்ததும் முழங்காலால் சேணத்தை இறுக்குகிறோம்; இறுக்க இறுக்கக் குதிகால் மேலே ஏறுகிறது, உடல் முன்னே சாய்கிறது, விழுவதற்கான வாய்ப்பு முன்பைவிடக் கூடுகிறது. இதை அவர் எங்களுக்கு வாயால் விளக்கியது குறைவு. குதிரையை நீண்ட கயிற்றில் பிடித்துக்கொண்டு தான் நடுவில் நின்று, கால் வைக்கும் அங்கவடியையும் கடிவாளத்தையும் எங்களிடமிருந்து எடுத்துவிட்டு, கைகளை இருபுறமும் விரிக்கச் சொல்லி வட்டமாக நடத்தினார். பிடிக்க ஒன்றும் இல்லாதபோது உடல் தானாகவே இடுப்பில் சமநிலையைத் தேடத் தொடங்குகிறது. "பயம் போகட்டும் எண்டு காத்திருக்காதீங்க மிஸி, அது கூடவே வரட்டும், நீங்க மூச்ச விடுங்க" என்று அவர் சொன்னதை, நான் சத்திரசிகிச்சைக்கு முன்னால் நோயாளிகளிடம் சொல்லும் சொற்களைப் போலவே உணர்ந்தேன்.

மூன்றாம் நாள் ட்ரொட், அதாவது நடைக்கு அடுத்த வேகமான ஓட்டம், கற்பித்தார்கள். நடையில் குதிரையின் நான்கு கால்களும் ஒவ்வொன்றாக விழும். ட்ரொட்டில் இடது முன்காலும் வலது பின்காலும் ஒன்றாக, பிறகு மற்ற இரண்டும் ஒன்றாக, இரண்டே தாளத்தில் விழும். அந்த அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ள ஒரு தாளத்தில் எழுந்து மறு தாளத்தில் அமர வேண்டும்; வட்டத்தில் போகும்போது வெளிப்பக்கத் தோள் முன்னே போகும் கணத்தில் எழ வேண்டும். கொழும்பில் இதை எனக்குச் சொல்லித் தந்தபோது தோளைக் குனிந்து பார்த்துப் பார்த்தே தாளத்தைத் தவறவிட்டேன். இங்கே பயிற்சியாளர் என் கண்களை மூடச் சொன்னார். கயிறு அவர் கையில் இருந்ததால் துணிந்து மூடினேன். மூன்று சுற்றுகளுக்குப் பிறகு, சுட்டியின் முதுகு என் இடது தொடையையும் வலது தொடையையும் மாறி மாறித் தூக்குவது தெளிவாகத் தெரிந்தது. உரலில் இருவர் மாறி மாறி நெல்லுக் குற்றும்போது உலக்கை விழும் ஒழுங்கு அது. அம்மாவும் பெரியம்மாவும் குற்றுவதைப் பார்த்து வளர்ந்த எனக்கு அந்தத் தாளத்தைப் பிடித்துக்கொள்ள அதன்பின் நேரம் செல்லவில்லை.

இனி நான் சொல்ல வேண்டிய குறைக்கு வருகிறேன். அட்டவணைப்படி காலை 5.45 முதல் 8.15 வரை ஒரு பயிற்சி, முற்பகல் 10.30 முதல் 11.30 வரை ஒன்று, மாலை 4.30க்குப் பிறகு இன்னொன்று. ஆனி மாதத்து மட்டக்களப்பை அறிந்தவர்களுக்கு முற்பகல் 10.30 என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. கச்சான் என்னும் வெப்பக் காற்று வீசத் தொடங்கிவிட்டால் நிழலிலும் முகம் எரியும். மனிதரைப் போலவே குதிரையும் வியர்த்துத்தான் உடம்பைக் குளிரவைக்கிறது. வியர்வையோடு உப்பும் சேர்ந்தே போகிறது.

நாடி பார்ப்பது என் தொழில். குதிரைக்கு எங்கே பார்ப்பது என்று முதல் நாளே நானாவிடம் கேட்டு அறிந்திருந்தேன். கீழ்த்தாடை எலும்பின் உட்புற ஓரத்தில் மூன்று விரல்களை வைத்து மெல்ல உருட்டினால், நூற்கயிறு போன்ற ஒன்று விரலுக்கடியில் நழுவும். அதை எலும்போடு சேர்த்து இலேசாக அழுத்தி, துடிப்பு வரும்வரை பொறுமையாக நிற்க வேண்டும். வளர்ந்த குதிரைக்கு ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இயல்பு. மனித நாடிக்குப் பழகிய விரலுக்கு அந்த இடைவெளி நீளமாகத் தோன்றும். அடுத்த துடிப்பு வராதோ என்று எண்ணும் நேரத்தில் நிதானமாக ஒன்று வந்து தட்டும். இரண்டாம் நாள் மாலைப் பயிற்சி முடிந்து பத்து நிமிடத்தில் சுட்டியின் நாடி 44க்கு இறங்கியிருந்தது. மூன்றாம் நாள் முற்பகல் அதே அளவு வேலைக்குப் பிறகு இருபது நிமிடம் கழித்தும் 64. மூக்குத் துவாரங்கள் விரிந்தபடியே இருந்தன. சேணத்தின் வயிற்றுப் பட்டியைக் கழற்றியபோது, முன்காலுக்குப் பின்னால் வியர்வையும் மணலும் உரசித் தோல் ஓரிடத்தில் சிவந்து மயிர் உதிர்ந்திருந்தது.

நான் நிர்வாகியிடம் போய்ச் சொன்னேன். "அது சின்னக் காயம், பழகின குதிரைதான்" என்று அவர் கூறிய பதில் எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது. அன்று மாலை சுட்டியில் ஏறமாட்டேன் என்று மறுத்துவிட்டேன். பயிற்சியாளர் என் பக்கம் நின்று, நான் குறித்து வைத்திருந்த எண்களைத் தன் கொப்பியில் எழுதிக்கொண்டார். நானா மூன்று முறை குளிர்ந்த நீர் ஊற்றி வழித்து வழித்து விட்டார். மறுநாள் முதல் எங்கள் குழுவுக்கு மட்டும் முற்பகல் நேரம் நிழலில் சேணம் கட்டப் பழகும் வகுப்பாக மாற்றப்பட்டது. மாற்றியதற்கு நன்றி. ஆனால் கேட்டதால் மாற்றினார்களே ஒழிய, விதியாக மாற்றவில்லை. நாங்கள் புறப்படும்போது சுவரில் ஒட்டியிருந்த அடுத்த குழுவின் அட்டவணையிலும் 10.30 அப்படியே இருந்தது.

மற்றவை சிறு விடயங்கள். தலைக்கவசங்கள் பெரும்பாலும் பெரிய அளவில்தான் உள்ளன. பெண்கள் கொண்டையைத் தாழ்த்திக் கட்டிக்கொண்டு போனால் ஓரளவு பொருந்தும். நான்காம் நாள் ஒருவர் விழுந்து தலைக்கவசம் தரையில் அடிபட்டபோது, வெளியே ஒரு கீறலும் தெரியாதிருந்தும் பயிற்சியாளர் அதை உடனே பாவனையிலிருந்து நீக்கிவிட்டார். ஒருமுறை அடிபட்டதன் உட்பகுதி மீண்டும் அதே பாதுகாப்பைத் தராது என்பதால் அது சரியான செயல். சிறு குதி உள்ள மூடிய சப்பாத்து அவசியம். குதி இல்லாவிட்டால் பாதம் அங்கவடிக்குள் முழுவதுமாக நழுவிச் சிக்கிக்கொள்ளும். அதை அவர்கள் முன்கூட்டியே அறிவிக்காததால் இருவர் வாழைச்சேனைக் கடைத்தெருவுக்கு ஓட வேண்டியதாயிற்று.

கடைசி நாள் விடியலில் கடற்கரைக்குப் போனோம். உலர்ந்த மணலில் குளம்பு புதைந்து தசைநார்கள் இழுபடும் என்பதால், அலை நனைத்து இறுகிய ஓரத்திலேயே நடத்தினார்கள். யாரையும் ஓடவிடவில்லை, படம் எடுப்பதற்காகக்கூட விடவில்லை. புண் காய்ந்துகொண்டிருந்த சுட்டியில் நான் ஏறவில்லை. சேணமில்லாமல் அதன் தலைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தேன். அது அடிக்கொரு தடவை நின்று நுரையை முகர்ந்து பார்த்தது.

பயிற்சியாளருக்காகவும் நானாவுக்காகவும் வளர்ந்தோர் இந்த முகாமுக்குத் தாராளமாகப் போகலாம். பதிவு செய்யுமுன் தொலைபேசியில் முற்பகல் பயிற்சி உண்டா என்று கேளுங்கள்; உண்டென்றால், நிழலில் வகுப்பாக மாற்றித் தர முடியுமா என்பதையும் கேட்டுவிட்டுப் பணத்தைக் கட்டுங்கள். நானும் தை மாத மழை ஓய்ந்து நிலம் இறுகியதும் அதே கேள்வியோடு அழைக்க இருக்கிறேன்.