விற்பதற்கு ஜிடிடி: ஒரு வருடப் புழக்கத்துக்குப் பிறகு

பங்கை எப்போது விற்பது என்று நண்பர் கேட்டதால் இது. வாங்கிய அன்றே விற்கும் விலையைக் குறித்து ஜிடிடி ஆர்டராக (குறித்த விலை வரும்வரை காத்திருந்து, வந்ததும் தானே சந்தைக்குப் போகும் ஆர்டர்) போட்டுவிடுங்கள். இலக்கு விலை விஷயத்தில் குறையே சொல்ல முடியாது. 400-க்கு வாங்கியது 520-ஐத் தொட்டதும் அதுவே விற்றுவிடும். 'இன்னும் பத்து ரூபாய் ஏறட்டுமே' என்ற சபலத்துக்கு இடமில்லை.

எரிச்சலெல்லாம் ஸ்டாப்லாஸ், அதாவது விலை சரிந்தால் விற்கும் ஆர்டர் பக்கம்தான். விலை 500 வந்தபின் ட்ரிகர் (ஆர்டர் கிளம்பும் விலை) 470, லிமிட் (இதற்குக் கீழே விற்காதே என்ற விலை) 468 என ஒட்டி வைப்பார்கள். காலாண்டு முடிவு சொதப்பி, காலை 9.15-க்குப் பங்கு 450-ல் திறந்தால்? ட்ரிகர் ஆகிவிடும், ஆனால் 468-க்கு வாங்க ஆளிருக்காது. 3.30-க்கு ஆர்டர் காலாவதி. ஜிடிடியும் அதோடு தீர்ந்தது; ஓசிஓ (இலக்கையும் ஸ்டாப்லாஸையும் சேர்த்துப் போடுவது, ஒன்று கிளம்பினால் மற்றது ரத்து) என்றால் இலக்கும் போச்சு. மறுநாள் பங்கு காவலில்லாமல் நிற்கும்.

லிமிட்டை 445-க்கு இறக்கி வையுங்கள். 445-க்கே போய்விடுமோ என்று பயப்பட வேண்டாம். 465-க்கு வாங்க ஆளிருந்தால் 465-தான் கிடைக்கும். வாங்குவோர் குறைந்த சின்னப் பங்கில் மட்டும் கவனம், அங்கே 445 வரை இறங்கியே விற்றுவிடலாம். 5 சதவீத சர்க்யூட் பங்கிலோ (ஒரே நாளில் அதற்கு மேல் ஏறவோ இறங்கவோ முடியாத பங்கு) இந்த வித்தையே பலிக்காது. முந்தைய முடிவு விலை 472 என்றால் கீழ் எல்லை 448.40, 445 போட்டால் ஆர்டர் நிராகரிக்கப்படும்.

டிடிபிஐ (விற்ற பங்கை டிமேட் கணக்கிலிருந்து எடுக்கத் தரகருக்குத் தரும் நிலையான அனுமதி) கொடுக்காதவர்கள் டிபின் என்ற ரகசிய எண்ணைப் போட்டு அனுமதிக்காவிட்டால் விற்பனை நடக்காது. அதையும் விலை சரியும்போதுதான் கண்டுபிடிப்பார்கள். போனஸ் (இலவசப் பங்கு), ஸ்ப்லிட் (ஒரு பங்கைப் பலவாகப் பிரிப்பது) வந்தால் பழைய ஜிடிடி ரத்தாகும். புது விலைக்கு மறுபடி போட வேண்டும்.

வாங்கிய தேதியும் ஜிடிடிக்குத் தெரியாது. 1 லட்சம் லாபத்தில் இருக்கும் பங்கைப் பதினோராவது மாதத்தில் விற்றால் வரி 20 சதவீதம், அதாவது 20,000 ரூபாய், செஸ் தனி. 12 மாதம் தாண்டி விற்றிருந்தால், அந்த ஆண்டின் மொத்த நீண்டகால லாபம் 1.25 லட்சத்துக்குள் இருக்கும்வரை வரியே கிடையாது. 12 மாத விளிம்பில் இருக்கும் பங்குக்கு ட்ரிகரைக் கையால் தள்ளி வைப்பதைத் தவிர வழியில்லை.

இத்தனை திருத்தமும் செய்தால் ஸ்டாப்லாஸ் ஒழுங்காகவே வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனாலும் இவ்வளவு மெனக்கெட வேண்டியிருப்பதால், எனக்கு இனி ஜிடிடி இலக்குக்கு மட்டும்தான். கீழே விற்க விலை அலாரமும் கைவிரலும் போதும்.