பழைய மசில் காரை மாற்றக் கொடுப்பவர்கள் படியுங்கள்: 28,400 டாலரும் போச்சு, அசல் எஞ்சினும் போச்சு

நேற்று சாயங்காலம்தான் உறுதியானது. இன்னும் படபடப்பு அடங்கவில்லை. ஆனாலும் இன்றைக்கே எழுதுகிறேன். மிச்சிகனில் என்னைப் போல ஆசைப்பட்டு மசில் கார், அதாவது பெரிய எஞ்சின் போட்ட பழைய அமெரிக்கக் கார் வாங்கி வைத்திருக்கும் நம்மவர்கள் சிலரை எனக்குத் தெரியும். அதில் இரண்டு பேர் இந்த மாதமே வண்டியைப் பட்டறையில் விடப் போகிறார்கள். பட்டறையின் பெயரைப் போடவில்லை. பழைய கார்களைப் பிரித்துப் புது எஞ்சின் மாட்டித் தருகிற இடம், அவ்வளவுதான்.

என்னுடையது 1970 செவர்லே ஷெவெல் எஸ்.எஸ். 396. ஃபேதம் புளூ நிறம், நாலு ஸ்பீடு மன்சி கியர் பெட்டி. பேட்ஜில் 396 என்று இருந்தாலும் அந்த வருடத்து எஞ்சின் உண்மையில் 402 கன அங்குலம், 350 குதிரைத்திறன். இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் என் நஷ்டம் புரியாது. 1970-ல் எஸ்.எஸ். (சூப்பர் ஸ்போர்ட்) என்பது தனி மாடல் கிடையாது. ஷெவெல் வரிசையில் இருந்த மாலிபு காருக்குக் கூடுதல் காசு கொடுத்துச் சேர்த்துக்கொள்கிற ஒரு தொகுப்பு. அதனால் வின் நம்பரை (ஒவ்வொரு காருக்கும் தொழிற்சாலை கொடுக்கும் அடையாள எண்) பார்த்தால் வி8 மாலிபு என்று மட்டும்தான் தெரியும், எஸ்.எஸ்.ஸா இல்லையா என்று தெரியாது. போன்டியாக் கார் வைத்திருப்பவர்கள் தொழிற்சாலை பில்லின் நகலைக் கேட்டு வாங்கலாம், செவர்லேக்கு அந்த வழி இல்லை. பெட்ரோல் டேங்க் மேலே பில்ட் ஷீட், அதாவது காரில் என்னென்ன போட வேண்டும் என்று தொழிற்சாலை எழுதிய காகிதம், ஒட்டியிருந்தால் அதிர்ஷ்டம். என் வண்டியில் அதை எலி தின்றிருந்தது. மிச்சமிருந்த பெரிய சாட்சி, வலப்பக்க சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால் ஒரு சின்னப் பட்டையில் குத்தியிருந்த எண்தான். 'டி' என்று ஆரம்பிக்கும், டோனவாண்டா தொழிற்சாலையில் செய்தது என்று அர்த்தம். பக்கத்திலேயே என் வண்டியின் வின் நம்பரின் கடைசிப் பகுதி. இந்த எஞ்சின் இந்தக் காரோடு பிறந்தது என்பதற்கு அதுதான் அத்தாட்சி.

பழைய காரில் கை வைப்பதே தப்பு என்று சொல்கிற ஆள் நான் இல்லை. குழந்தைகளை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் போக வேண்டும், ஆகஸ்டில் நடக்கும் பழைய கார் ஊர்வலமான உட்வர்ட் டிரீம் குரூஸில் நடுவழியில் சூடாகி நிற்காமல் ஓட்ட வேண்டும். அதுதான் என் ஆசை. ஆனால் எதை மாற்றினாலும் திரும்பப் பழையபடி ஆக்க முடிய வேண்டும். முதல் நாளே பட்டறை முதலாளியிடம் சொன்ன நிபந்தனை இது ஒன்றுதான்.

அவன் எவ்வளவு பொறுமையாகக் கேட்டான் தெரியுமா! 430 குதிரைத்திறன் எல்.எஸ்.3 எஞ்சின், ஆறு கியர், எல்லாம் போல்ட் போட்டு மாட்டுவதுதான், உடம்பில் ஒரு இடத்தையும் வெட்ட மாட்டோம் என்றான். அசல் எஞ்சினை எண்ணெய் பூசி, மரப்பெட்டியில் வைத்து, மேலே என் பெயரை எழுதித் தருவதாகச் சொன்னான். பின்பக்கம் கூட்டிப்போய் அப்படிப் பெயர் எழுதிய நாலு பெட்டிகளைக் காட்டினான். அப்புறம் என் காரின் பானெட்டைத் திறந்தான். தோளில் கிடந்த துணியை எடுத்து அந்த எண் பட்டையைத் துடைத்து, கட்டைவிரலை அதன் மேல் வைத்து, "இது இந்தக் காரின் பிறப்புச் சான்றிதழ். இதை யாரையாவது தொட விடுவேனா?" என்றான். அந்த ஒரு வார்த்தையில்தான் விழுந்தேன். அன்றைக்கே 10,000 டாலர். பிறகு இன்னொரு 10,000. கடைசியில் 8,400. மொத்தம் 28,400 டாலர்.

வண்டி நாலு மாதம் தாமதமாக வந்தது, ஆகஸ்டும் போனது. கார்பெட்டைத் தூக்கிப் பார்த்தால் கியர் பெட்டிக்கு மேலே தரைத்தகட்டைக் கிரைண்டரால் அறுத்திருக்கிறார்கள். வெட்டிய ஓரத்தில் பெயின்ட்கூட இல்லை, வெறும் தகடு. கேட்டால், "ஆறு கியர் பெட்டி வேறு எப்படி உட்காரும்?"

சரி, என் எஞ்சின் எங்கே?

"மெஷின் ஷாப்பில் கிளீன் ஆகிறது" என்றான். நான் கிளீன் பண்ணவே சொல்லவில்லை. இரண்டு வாரம் கழித்து, "அந்த ஆள் லீவு." அப்புறம், "ஃபோர்க்லிஃப்ட் ரிப்பேர்." அப்புறம் பதிலே இல்லை. நேரில் போனால் முதலாளி கார் ஷோவுக்குப் போயிருப்பதாக வரவேற்பில் இருந்த பெண் சொன்னாள். அவனுடைய டிரக் பின்னால் நின்றுகொண்டிருந்தது.

போன வாரம் ஒருவழியாகப் பெட்டி வந்தது. திறந்தால் எண் இருந்த இடம் கண்ணாடி மாதிரி பளபளக்கிறது. ஒரு எழுத்து இல்லை. பிளாக்கின் (சிலிண்டர்கள் இருக்கும் எஞ்சினின் இரும்பு உடல்) மேல்பரப்பு வளைந்திருந்ததாம், சமப்படுத்தினார்களாம், எண் அதோடு போய்விட்டதாம். அப்பா கோயம்புத்தூரில் நாற்பது வருடம் லேத் பட்டறை வைத்திருந்தவர். வீடியோ காலில் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, நம்பர் இருக்கிற இடத்தை எவனாவது கேக்காம கிரைண்டிங் போடுவானா? வேற நம்பர் ஏதாச்சும் இருக்குதான்னு தேடு" என்றார்.

நேற்று தேடினேன். பிளாக்கின் வலப்பக்கம், ஸ்டார்ட்டர் இருக்கும் இடத்துக்கு அருகில் வார்ப்புத் தேதி, அதாவது பிளாக்கை வார்த்த நாள், இருக்கும். டார்ச் அடித்து, கிரீஸைச் சுரண்டி, துணியால் துடைத்துப் பார்த்தேன். எச் 12 1. எச் என்றால் எட்டாவது மாதம், கடைசி 1 என்றால் 1971. 1971 ஆகஸ்ட் 12. கார் தயாரான நாளைச் சொல்லும் தகட்டில் இருப்பது 02பி, அதாவது 1970 பிப்ரவரி இரண்டாவது வாரம். கார் ஓட ஆரம்பித்து ஒன்றரை வருடம் கழித்து வார்த்த இரும்பு எப்படி என் எஞ்சின் ஆகும்? எண்ணை மட்டும் அழிக்கவில்லை, எஞ்சினையே மாற்றிவிட்டான்.

உடனே போனைப் போட்டேன். "402 என்றால் 402தானே, புது எஞ்சின் மாட்டிய பிறகு அதை யார் பார்க்கப் போகிறார்கள்?" என்றான். அதட்டிக் கேட்டதும், "உன் பழைய எஞ்சினில் சரியான எண் இருந்தது என்று நிரூபி" என்று திருப்பினான். என்னிடம் இருப்பது கார் வாங்கிய அன்று எடுத்த ஒரே படம், அதிலும் பாதி எண்ணைக் கிரீஸ் மறைக்கிறது. கடைசியில் ஒப்பந்தத்தின் பின்பக்கத்தைப் படிக்கச் சொன்னான். கழற்றிய பாகங்கள் பட்டறைக்குச் சொந்தம் என்று பொடி எழுத்தில் இருக்கிறது. 28,400 டாலர் வாங்கிக்கொண்டவன், அடுத்த சர்வீஸில் 500 டாலர் கழித்துக்கொள்வதாகச் சொல்கிறான்.

பட்டறைகளுக்குப் பதிவு கொடுக்கும் மாநில அலுவலகத்தில் இன்று காலை புகார் கொடுத்தேன். மிச்சிகனில் சிறு வழக்கு நீதிமன்றத்தில் 7,000 டாலருக்கு மேல் கேட்க முடியாது. அதனால் 28,400 டாலருக்கு வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும்.

என்னென்ன கவனிக்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது மனசு ஒரு நிலையில் இல்லை. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். வண்டியை விடும் முன் எண் பட்டையையும் வார்ப்புத் தேதியையும் நன்றாகத் துடைத்து, தெளிவாகப் படம் எடுங்கள். பட்டையில் தொழிற்சாலை இழைத்த மெல்லிய கோடுகளும் படத்தில் தெரியட்டும். எதை வெட்டக் கூடாது, எது உங்களுக்குச் சொந்தம் என்பதை வாயால் சொல்லாமல் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ஒப்பந்தத்தின் பின்பக்கத்தைப் படியுங்கள். எஞ்சினைக் கழற்றுகிற அன்று நீங்களே அங்கே நின்று, வாடகை டிரக்கில் ஏற்றி, இருட்டுவதற்குள் உங்கள் வீட்டு கராஜுக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.