5,289 மீட்டருக்குக் காசு வாங்கி, 4,700-இல் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டார்கள்

மே கடைசியில் மணாலிப் பக்கம் ஃப்ரெண்ட்ஷிப் பீக் ஏற்றிவிடுகிறோம் என்று இன்ஸ்டாகிராமில் ஆள் சேர்க்கும் ஒரு நிறுவனத்திடம் நானும் என் கோவை நண்பரும் தலைக்கு 19,500 ரூபாய் கட்டி ஏமாந்தோம். புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயரைப் போடவில்லை. ஆனால் எப்படி ஏமாற்றுகிறார்கள் என்று சொன்னால், அடுத்து விளம்பரம் பார்க்கும்போது உங்களுக்கே பொறி தட்டும்.

"இது ட்ரெக்கிங் பீக்தான் ப்ரோ, முதல் தடவை போறவங்களே ஏறிடுறாங்க." போனில் இப்படித்தான் ஆரம்பித்தார்கள். பீர் பஞ்சால் தொடரில் உள்ள இந்தச் சிகரத்தின் உயரம் 5,289 மீட்டர். நம் தொட்டபெட்டாவைப் போல இரண்டு மடங்கு. மே, ஜூன் மாதங்களில் மேல் பாதி முழுக்கப் பனி. செங்குத்தான சரிவில் கிராம்பன் (காலணிக்கு அடியில் மாட்டும் இரும்பு முள்) போட்டு, ஐஸ் ஆக்ஸ் ஊன்றி ஏற வேண்டும். வழுக்கினால் கோடாரியைப் பனியில் குத்தித் தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும் பயிற்சியும் வேண்டும். அந்தப் பயிற்சிக்கு அரை நாள், உயரத்துக்கு உடம்பைப் பழக்க ஒரு முழு நாள், மலையேற்றப் பயிற்சி முடித்த கைடு, கயிறு, ஆக்சிஜன் எல்லாம் அவர்கள் அனுப்பிய பிடிஎஃப்பில் இருந்தன.

மணாலியில் இறங்கியதும் எங்களை வேறொரு ஆளிடம் ஒப்படைத்தார்கள். கேட்டால், "நாங்க புக்கிங் மட்டும்தான் சார்." பல ஊர்களில் பிடித்த ஆட்களை ஒரே கும்பலாகச் சேர்த்து உள்ளூர் ஒப்பந்தக்காரரிடம் தள்ளிவிடுவதுதான் தொழில். பதினான்கு பேருக்கு ஒரு கைடு, ஒரு சமையல்காரர். கிராம்பன் என்று கொடுத்தது ரப்பரில் மாட்டி இழுக்கும் மைக்ரோ ஸ்பைக். கேதார்காந்தா மாதிரி நடைபாதைக்கு அது போதும், செங்குத்துப் பனிக்கு ஆகாது. கயிறு இருந்தது, கூடாரம் கட்ட.

அந்தக் கைடு பையனை நான் குறை சொல்ல மாட்டேன். தினக்கூலி. தன் கையுறையைக் கழற்றி இன்னொருவருக்குக் கொடுத்தவன் அவன்.

கோபம் வருவது வெட்டப்பட்ட அந்த ஒரு நாளை நினைத்துத்தான். 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, தூங்கும் உயரத்தை ஒரு நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை ஏறாமல் தங்க வேண்டும் என்பது மலை மருத்துவத்தின் அடிப்படை விதி. இரவு பஸ்ஸில் மணாலி வந்தவர்களை அன்றைக்கே சோலாங் வழியாகச் சுமார் 3,300 மீட்டரில் உள்ள பக்கர்தாச்சுக்கு நடத்தினார்கள். மறுநாள் சுமார் 3,800-இல் லேடி லெக் முகாம். பழக வேண்டிய நாளும் பயிற்சியும் சேர்ந்து காணாமல் போயின. காரணம் அப்புறம்தான் தெரிந்தது: அடுத்த பேட்ச் வந்து இதே கூடாரத்தில் படுக்க வேண்டும். அங்கே ஒரு நாள் தங்கினால் சாப்பாடு, கூலி, வாடகை எல்லாம் அவர்கள் கைக்காசு. ஓய்வு நாளை யாரும் ரீல்ஸ் எடுத்துப் போடுவதும் இல்லை, வெட்டினால் கேட்பாரும் இல்லை.

அன்று இரவே நண்பருக்குத் தலைவலி, வாந்தி. ஆக்சிமீட்டரில் பேட்டரி இல்லை, சிலிண்டரில் அழுத்தமானி பூஜ்யத்தில். "டயமாக்ஸ் போடுங்க, சரியாயிடும்" என்றார் ஒப்பந்தக்காரர். சல்ஃபா வகை மருந்து அது, ஒவ்வாமை உண்டா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த மாத்திரை உடம்பு பழக உதவும். முற்றிய உயர நோய்க்குக் கீழே இறங்குவதுதான் வைத்தியம். குதிகாலை மறு காலின் விரலில் ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொல்லிப் பாருங்கள். தள்ளாடினால் மூளையில் நீர் கோக்கிறது என்று பொருள், விடியும்வரை காத்திருக்கக் கூடாது. நண்பர் நேராக நடந்தார், பிழைத்தோம். விடிந்ததும் சமையல்காரரோடு கீழே அனுப்பினேன்.

மீதிப் பேர் நாங்கள் ஏறியது இன்னொரு கூத்து. பனி இறுகியிருக்கும்போதே ஏறி, வெயில் அதை இளக்குவதற்குள் இறங்கிவிட வேண்டும் என்பதால் இந்தச் சிகரத்துக்கு நள்ளிரவை ஒட்டிக் கிளம்புவார்கள். நாங்கள் கிளம்பியது காலை ஐந்தரைக்கு. ஒன்பது மணிக்கெல்லாம் முழங்கால்வரை புதைந்தது. பத்தரை வாக்கில் ஒரு மேட்டில் ஏற்றி நிறுத்தி, "யஹீ டாப் ஹை சார்" (இதுதான் உச்சி) என்று கொடியை நீட்டினான் பையன். எல்லோரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். என் கடிகாரம் 4,712 காட்டியது. உச்சி என்றால் அதற்கு மேல் ஏற எதுவும் இருக்கக் கூடாது இல்லையா? எங்களுக்குப் பின்னால் மலை பாட்டுக்கு ஏறிக்கொண்டே போனது. கேட்டதற்கு, அப்படிச் சொல்லச் சொல்லித்தான் உத்தரவு என்று தலையைக் குனிந்தான்.

மணாலி திரும்பியதும் எல்லோருக்கும் சான்றிதழ்: 5,289 மீட்டர் வெற்றிகரமாக ஏறினார். கீழே இறங்கிப் படுத்திருந்த என் நண்பருக்கும் ஒன்று!

உச்சி தொடாமல் பாதியில் திரும்புவதில் எனக்கு வருத்தமே கிடையாது. மலையில் அது சகஜம். 2024 ஜூன் தொடக்கத்தில், உத்தராகண்டின் சஹஸ்திர தால் பாதையில் வானிலை மோசமாகி, கர்நாடகத்திலிருந்து போன குழுவில் 9 பேர் இறந்தார்கள். வானிலையைச் சொல்லியோ நேரத்தைச் சொல்லியோ திருப்பியிருந்தால் கும்பிட்டிருப்பேன். பொய் உச்சியைக் காட்டியது குற்றம்.

கட்டுவதற்கு முன்னால் கேளுங்கள்: கைடு யார், உத்தரகாசி, மணாலி, டார்ஜிலிங் மலையேற்றப் பயிற்சி நிலையங்களில் படித்த சான்று எங்கே, எத்தனை பேருக்கு ஒருவர்? மலையில் நடத்துவது நீங்களா, வேறு ஆளா? ஹிமாச்சல் சுற்றுலாத் துறைப் பதிவு எண் என்ன? காப்பீட்டுக்கு என்று எங்களிடம் 800 ரூபாய் தனியாக வாங்கினார்கள், பாலிசி எண்ணை இன்றுவரை காட்டவில்லை. ஓய்வு நாள் எது, எந்த முகாமில் என்று வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிவிடுங்கள். போனில் அந்தப் பகுதி வரைபடத்தை முன்கூட்டியே இறக்கிக்கொள்ளுங்கள். சிக்னல் இல்லாத இடத்திலும் ஜிபிஎஸ் வேலை செய்யும்.

பணத்தைக் கேட்டோம். அடுத்த ட்ரெக்குக்கு 15 சதவீதத் தள்ளுபடி தருகிறார்களாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தாயிற்று. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம்வரை கட்டணமும் கிடையாது, மணாலிக்கோ டெல்லிக்கோ அலைய வேண்டியதில்லை. இதே மாதிரி 'உச்சி' ஏறி வந்தவர்கள் ரசீது, பிடிஎஃப், கடிகாரப் பதிவு எதையும் அழிக்காமல் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். சேர்ந்தே போடுவோம்.