ஒன்பது வருடமாக ஒரே டன்னல், ஒரே வலை

போன வாரம் மோட்டார் பேரிங் மாற்றினோம். அதே சமயம் கோவையிலிருந்து நண்பர் போன் செய்தார்: "எங்க காலேஜுக்கும் இதே விண்ட் டன்னல வாங்கலாமா சார்?" விண்ட் டன்னல் என்றால் விசிறியால் காற்றை ஓடவிட்டு, நடுவில் விமான மாடலை வைத்துச் சோதிக்கும் கூண்டு. இதன் அளவு, வேகமெல்லாம் அவருக்கே தெரியும். சென்னையில் ஒன்பது வருடமாக நான் இதோடு பட்டதை மட்டும் சொல்கிறேன்.

பேரிங்கைக் குறை சொல்ல மாட்டேன், நன்றாகவே உழைத்தது. என் கோபமெல்லாம் முகப்பு வலை மேல்தான், அதாவது காற்று நுழையும் இடத்தில் அதைச் சீராக்கும் வலை. இது அறைக் காற்றை உறிஞ்சி ஓடும் ரகம். லேப் ஜன்னலுக்கு வெளியே ரோட்டில் எப்போதும் ஏதாவது பள்ளம் தோண்டிக்கொண்டிருப்பார்கள். அந்தத் தூசி முழுக்க வலையில் அப்பிக்கொள்கிறது. கழற்ற 32 ஸ்க்ரூ, ஓரமெல்லாம் சிலிகான் பூச்சு வேறு. ஒரு நாள் முழுசாகப் போய்விடும்.

"கொஞ்சம் தூசிதானே சார்" என்றார் சர்வீஸுக்கு வந்தவர். நாங்கள் சோதிக்கும் நாக்கா 0012 என்ற இறக்கை வடிவத்துக்கு மேலும் கீழும் ஒரே வளைவு. காற்றுக்கு நேராக, பூஜ்ஜியம் டிகிரியில் வைத்தால் தூக்குவிசை வரவே கூடாது. எங்களுக்கு வந்தது. மாடலைக் கவிழ்த்து மாட்டினோம், அப்போதும் மேலேயே தள்ளியது. ஆக, காற்றே சாய்ந்து வருகிறது! வலையைத் தேய்த்துக் கழுவிய பிறகுதான் ரீடிங் அடங்கியது.

இதையெல்லாம் சின்ன விஷயம் என்று விட முடியாது. அமெரிக்காவில் லாங்லி விமான ஆய்வுக்கூடத்தில் 1931-இல் திறந்த டன்னலுக்கு 30 அடி உயரம், 60 அடி அகலத்தில் வாய். தலா 4,000 குதிரைத்திறனில் இரண்டு விசிறி. நிஜ விமானத்தையே உள்ளே ஏற்றிச் சோதித்தார்கள். அதைக் கட்டும் முன்பே 15-இல் ஒரு பங்கு அளவில் மாதிரி டன்னல் செய்து காற்றின் போக்கைப் பார்த்துக்கொண்டார்கள். 1938-இல் ப்ரூஸ்டர் கம்பெனியின் போர் விமானம் ஒன்று அங்கே வந்தது. இடுக்குகளை அடைத்து, துருத்தல்களைச் சரிசெய்ததிலேயே மணிக்கு 250 மைல் வேகம் 281 ஆனது. இடுக்குக்கே 31 மைல் என்றால், காற்று நுழையும் வாசலில் தூசி அடைத்தால் என்ன ஆகும்?

ஆனால் காற்றின் போக்கு கண்ணுக்குத் தெரிய இறக்கையில் நூல் ஒட்டிப் பார்க்கும் நாளில் இதைவிட நல்ல டன்னல் இல்லை என்று தோன்றும். கோணம் ஏற ஏற நூலெல்லாம் படிந்தே கிடக்கும். 13 டிகிரி தாண்டியதும் பின்விளிம்பு நூல் துடித்து, திரும்பி, முன்பக்கம் பார்க்கும். ஸ்டால்! காற்று இறக்கையை விட்டுப் பிரிந்து தூக்குவிசை சரியும் நிலை. கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்கும் பிள்ளைகள் கத்திவிடுவார்கள். விசையை அளக்கும் தராசும் இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட ஏமாற்றியதில்லை.

இருந்தாலும் வாங்காதீர்கள். வலையை ஸ்க்ரூ இல்லாமல் இழுத்து எடுக்கும்படி செய்து தருகிறோம் என்று கம்பெனி எழுதிக் கொடுத்தால் மறுபடி கூப்பிடுங்கள், பேசுவோம்.