உலோக வீரனா, பிளாஸ்டிக் வீரனா?

பொம்மை வீரர்களை வைத்து மேசையில் போர் ஆடும் வார்ஹேமர் விளையாட்டு 1983-இல் வந்தபோது அந்த வீரர்கள் பெரும்பாலும் உலோகம்தான். அந்த இடத்தை இப்போது பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக் பிடித்துவிட்டது.

ஒட்டுவதில் பிளாஸ்டிக்கை அடிக்க ஆளில்லை. அதற்கான பசை இரு பரப்பையும் லேசாக உருக்கி ஒன்றாக்கிவிடும். உலோகத்துக்கு சூப்பர் குளூ வேண்டும். வீரனின் கை கனமாக இருந்தால் துளை போட்டுக் கம்பியும் செருக வேண்டும்.

வண்ணத்தில் கதை வேறு. உலோக விளிம்புகளில் பெயிண்ட் சீக்கிரம் உரியும், வார்னிஷ் பூசியே ஆக வேண்டும். ஆனால் சொதப்பினால் அசிட்டோனில் ஊறப்போட்டு மறுபடி தொடங்கலாம். பிளாஸ்டிக்கை அதில் போட்டால் வீரன் கூழ்தான். (ஒருவனை அப்படி இழந்திருக்கிறேன்.)

விளையாட 40 பேர் வேண்டுமா, பிளாஸ்டிக். அலமாரிக்கு ஒரே ஒரு தளபதி என்றால் என் ஓட்டு உலோகத்துக்கு. உள்ளங்கையில் அந்தக் கனமே தனி சுகம். அப்புறம், பழைய உலோக வீரர்களில் ஈயம் கலந்திருக்கலாம். அரம் போட்டால் கையை நன்றாகக் கழுவுங்கள்.