காரின் வழக்கமான பராமரிப்பு: வீட்டிலா, மெக்கானிக்கிடமா, சர்வீஸ் சென்டரிலா?

காரின் வழக்கமான பராமரிப்பை நாமே செய்துகொள்வதா, தெரிந்த மெக்கானிக்கிடம் விடுவதா, தயாரிப்பு நிறுவனத்தின் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோவதா என்ற கேள்வியைப் பெரும்பாலும் செலவை வைத்தே அளக்கிறோம். வீட்டில் செய்தால் கூலி மிச்சமாகும் என்பது உண்மைதான். ஆயினும், செய்த வேலையில் பிழை இருந்தால் அது உடனே தெரியுமா, தெரிவதற்குள் எவ்வளவு சேதம் ஆகியிருக்கும் என்று கேட்டுப் பார்ப்பதே சரியான முடிவுக்குக் கொண்டுசேர்க்கும் என்பது என் கருத்து.

அப்படிப் பார்த்தால் ஏர் ஃபில்டர், கேபின் ஃபில்டர், வைப்பர் ரப்பர் ஆகியவற்றை மாற்றுவதற்காக மட்டும் காரை வெளியே கொண்டுபோகத் தேவையில்லை. டயரின் காற்றழுத்தத்தை வீட்டில் பார்ப்பதுதான் கூடுதல் சரியும்கூட. கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவு குளிர்ந்த டயருக்கானது, ஓடிச் சூடேறிய டயரோ அதைவிடக் கூடுதலாகவே காட்டும்.

இன்ஜின் ஆயில் மாற்றுவதில்தான் உண்மையான போட்டி. வேலை எளிது: இன்ஜினை இளஞ்சூட்டுக்குக் கொண்டுவந்து, அடியிலுள்ள டிரெயின் போல்ட்டைக் கழற்றி, பழைய ஆயிலை வடித்து, ஃபில்டரை மாற்றி, கையேடு சொல்லும் தரத்தில், சொல்லும் அளவுக்குப் புதிய ஆயில் ஊற்ற வேண்டும். கவனம் தேவைப்படும் இடங்கள் இரண்டு. ஆயில் தேங்கி நிற்கும் அடித்தட்டான ஆயில் பேன் அலுமினியமாக இருந்து, டிரெயின் போல்ட்டை ஆத்திரத்தோடு இறுக்கினால் மரை அழிந்துவிடும். ஆகவே புதிய வாஷர் போட்டு, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் குறிப்பிட்ட அளவுக்கு மட்டுமே இறுக்க வேண்டும். அடுத்தது, திருகிப் பொருத்தும் வகை ஃபில்டரைக் கழற்றும்போது அதன் ரப்பர் வளையம் சில வேளை இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டுவிடும். கறுத்த ஆயில் படிந்திருப்பதால் அது கண்ணுக்கே தென்படாது. அதைப் பார்க்காமல் புதிய ஃபில்டரை மேலே திருகினால், இரட்டை வளையம் அழுத்தத்தைத் தாங்காமல் ஆயில் முழுவதும் சில நிமிடங்களில் வெளியேறக்கூடும். துணியால் துடைத்து, விரலால் தடவிப் பார்த்து, புதிய வளையத்தில் சிறிது ஆயில் பூசி, அது இன்ஜினின் பரப்பைத் தொட்டபின் கையாலேயே முக்கால் சுற்று திருகினால் பெரும்பாலான ஃபில்டர்களுக்குப் போதும்.

இந்த நிதானத்தைக் காரின் உரிமையாளர் காட்டுவது எளிது. வரிசையில் வண்டிகள் காத்திருக்கும் பட்டறையில் எல்லோரிடமும் இதை எதிர்பார்க்க முடியாது. அதோடு, காருக்கு அடியில் படுத்திருக்கும் அந்த நேரத்தில் கிழிந்த ஆக்ஸில் ரப்பர் உறை, கசியும் ஷாக் அப்சார்பர், டயரின் உள்பக்கத் தேய்மானம் ஆகியவையும் கண்ணில் படும். கூலி மிச்சமாவதைவிட இதையே நான் பெரிய ஆதாயமாகக் கருதுகிறேன். ஒரு நிபந்தனை மட்டும் உண்டு: சமதளமான, கெட்டியான தரையும், காரின் எடையைத் தாங்கும் ஜாக் ஸ்டாண்டுகளும் இல்லாதவர்கள் இதில் இறங்கவே கூடாது. ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் தலையை நுழைப்பது உயிரோடு விளையாடுவது.

பிரேக் விஷயத்தில் என் தீர்ப்பு மாறுகிறது. பிரேக் பேட் எவ்வளவு தேய்ந்திருக்கிறது, பிரேக் ஆயில் மட்டம் எங்கே நிற்கிறது என்று வீட்டில் பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். பிரேக்கைப் பிரிப்பதைப் பயிற்சி பெற்றவர் செய்யட்டும். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும் தன்மையது; ஈரம் ஏற ஏற அதன் கொதிநிலை இறங்கும்; நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேறும்போது ஆயில் ஆவியானால் பெடல் அழுத்தமின்றி உள்ளே போய்விடும். அதனால்தான் பல நிறுவனங்கள் 2 ஆண்டுக்கு ஒருமுறை அதை மாற்றச் சொல்கின்றன. மாற்றும்போது, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் அமைப்புக்குள் காற்று புகுந்துவிட்டால், பல கார்களில் ஸ்கேன் கருவி இல்லாமல் அதை வெளியேற்ற முடியாது.

வெளியே கொடுப்பதென்று ஆனபின், வாரன்டி காலம் முடியும்வரை சர்வீஸ் சென்டர் கவலையற்ற வழி: மென்பொருள் புதுப்பிப்பு, நிறுவனம் அறிவிக்கும் இலவசத் திருத்தங்கள் எல்லாம் அங்கேயே முடிந்துவிடும். குறை, காரைத் தொட்டவரை நாம் பெரும்பாலும் சந்திப்பதில்லை. நல்ல மெக்கானிக் கழற்றிய பழைய பாகத்தைக் கையில் கொடுத்து, எங்கே தேய்ந்தது என்று காட்டுவார். பழைய கார்களுக்கு அவரே மேல். வாரன்டி விதிகள் நாட்டுக்கு நாடு வேறுபடுவதால், வீட்டில் ஆயில் மாற்றுபவர்கள் தங்கள் வாரன்டி அட்டையை முதலில் படித்துவிட்டு, ஆயில், ஃபில்டர் ரசீதுகளைத் தேதியும் ஓடிய கிலோமீட்டரும் குறித்துப் பத்திரப்படுத்த வேண்டும்.

வடித்த ஆயிலைச் சாக்கடையிலோ மண்ணிலோ ஒரு சொட்டும் ஊற்றக்கூடாது; அது நிலத்தடி நீரைக் கெடுக்கும். மூடியுள்ள கேனில் அடைத்து, பழைய ஆயில் வாங்கிக்கொள்ளும் பட்டறையிலோ சேகரிப்பு மையத்திலோ ஒப்படைக்க வேண்டும். அப்படியோர் இடம் அருகில் இல்லையென்றால், ஏர் ஃபில்டரையும் டயரையும் நீங்கள் பார்த்துக்கொண்டு, ஆயில் மாற்றும் வேலையை மெக்கானிக்கிடமே விட்டுவிடுங்கள்.